பத்து மில்லிமீட்டர் கணக்கு
வாசகர் கேள்வி – பதில்: பியானோ பக்கம்

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் கிராண்ட் பியானோவின் கட்டைகளைப் பற்றியவை. எவ்வளவு ஆழம் அமுங்க வேண்டும், எவ்வளவு கனம் இருக்கலாம், மழைக்காலத்தில் ஏன் மக்கர் செய்கிறது என்பவைதான். ஒன்றின் பதில் இன்னொன்றுக்குள் போவதால் முதல் பதில் நீண்டுவிட்டது. மற்றவற்றுக்கு அதுவே அடிப்படை.

எங்கள் ஆலயத்துக் கிராண்ட் பியானோவுக்குப் புது ஹேமர்கள் (கம்பியைத் தட்டும் சுத்தியல்கள்) போட்டார்கள். சத்தம் அருமை. ஆனால் இரண்டு பாட்டு வாசிப்பதற்குள் கை ஓய்ந்துவிடுகிறது. வேலை பார்த்தவர், "கட்டைகளில் இன்னும் கொஞ்சம் ஈயம் வைத்துவிடலாம், இல்லையென்றால் ஆழத்தைக் குறைத்துத் தருகிறேன்" என்கிறார். எதற்குச் சம்மதிக்கலாம்?
– வாசகி, பாளையங்கோட்டை

இப்போதைக்கு இரண்டுக்கும் வேண்டாம். முதலில் நிறுத்துப் பாருங்கள்.

சில்லறைக் காசுகளை நகைத் தராசில் நிறுத்து, சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டிக்கொள்ளுங்கள். வலது பெடலை மிதித்து டாம்பர்களை (கம்பியின் அதிர்வை அடக்கும் பட்டைகளை) தூக்கிவிட்டு, வெள்ளைக் கட்டையின் முன்விளிம்பை ஒட்டிப் பொட்டலத்தை வையுங்கள். கட்டை மெதுவாக, நிற்காமல் இறங்குவதற்குத் தேவையான மிகக் குறைந்த எடைதான் இறங்கு எடை. பிறகு கட்டையைப் பாதிக்கு மேல் இறக்கிப் பிடித்து, எடையைக் குறைத்துக்கொண்டே வந்து விடுங்கள். கட்டை தானே தூக்கிக்கொண்டு மேலே வரக்கூடிய மிக அதிக எடை ஏறு எடை. நல்ல நிலையிலுள்ள பியானோவில் நடு ஆக்டேவில் இறங்கு எடை 50 கிராம் பக்கம் இருக்கும். ஏறு எடை 20-க்குக் கீழே போகக் கூடாது.

இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் கிடைப்பது சமநிலை எடை. கழித்துப் பாதியாக்கினால் கிடைப்பது உராய்வு. உங்கள் கட்டை 62-ல் இறங்கி 34-ல் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். சமநிலை 48, உராய்வு 14. உராய்வு சரியாக இருக்கிறது, பாரம்தான் கூடுதல். அதே 62-ல் இறங்கி 14-ல் ஏறினால் சமநிலை 38, உராய்வு 24. அப்போது ஹேமரின் மேல் குற்றமில்லை. எங்கோ துணி இறுகியிருக்கிறது, அல்லது ஊசி, அதாவது பாகங்கள் ஆடும் உலோக அச்சு, பிடிக்கிறது. விரலுக்கு இரண்டும் ஒரே மாதிரித்தான் கனக்கும், வைத்தியம் மட்டும் வேறு வேறு. இந்தக் கணக்கைப் போடாமல் ஈயம் வைக்கச் சொல்வது நாடி பார்க்காமல் மருந்து கொடுப்பது போலத்தான்.

உங்களுடையது முதல் வகை என்றால் அடுத்து நெம்பு விகிதத்தை அளக்க வேண்டும். கட்டை 1 மி.மீ. இறங்கினால் ஹேமர் எத்தனை மி.மீ. எழும்புகிறது என்பதே அது. 6 மி.மீ. கனமுள்ள பிளைவுட் துண்டு ஒன்றைக் கட்டையின் மேல், முன்விளிம்பில் வைத்து, துண்டின் மேல்முகம் பக்கத்துக் கட்டைகளோடு மட்டமாகும் வரை அழுத்துங்கள். ஹேமரின் நுனி எவ்வளவு ஏறியது என்று ஸ்கேலால் பாருங்கள். 30 மி.மீ. ஏறினால் விகிதம் 5. 33 ஏறினால் 5.5. ஆக்டேவுக்கு ஒரு வெள்ளையும் ஒரு கறுப்பும் பார்த்தால் போதும்.

இதற்கு ஆக்‌ஷனை (கட்டை, ஹேமர் எல்லாம் சேர்ந்த இயங்குபகுதியை) வெளியே இழுத்து மேசையில் வைக்க வேண்டியிருக்கும். இழுக்கும்போது ஒரு கட்டைகூட அமுங்கக் கூடாது. அமுங்கினால் எழும்பிய ஹேமர் முன்பலகையில் மாட்டி, அதன் காம்பான ஷாங்க் மளுக்கென்று ஒடிந்துவிடும். கிராண்ட் பியானோவில் அவசரக்காரர்கள் செய்யும் முதல் சேதம் இதுதான்.

விகிதம் 5 என்றால் ஹேமர் தலையில் கூடும் ஒவ்வொரு கிராமும் விரல் நுனியில் 5 கிராம். 5.5 என்றால் ஐந்தரை கிராம். பழைய ஹேமரைவிடப் புதியது 2 கிராம் கூடுதல் என்றால் பத்துக் கிராம் எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியதில்லை.

இனி அந்த இரண்டு யோசனைகளுக்கு வருவோம். கட்டையின் முன்பாதிக்கு நடுவில் 14 கிராம் ஈயம் வைத்தால் விளிம்பில் ஏறக்குறைய 7 கிராம் குறையும். தராசு திருப்திப்படும், விரல் திருப்திப்படாது. ஏனென்றால் ஹேமரின் பாரம் அப்படியே இருக்கிறது, அதோடு ஈயத்தையும் சேர்த்தே விரல் அசைக்க வேண்டும். மெதுவான கீர்த்தனைக்கு இதமாக இருக்கும், வேகமாக வாசித்தால் சேற்றில் நடப்பது போலிருக்கும். ஏறு எடையும் அதே 7 கிராம் குறைவதால் கட்டை சோம்பலாகத் திரும்பும். ஆழத்தைக் குறைப்பதோ பாரத்தை ஒரு கிராம்கூடக் குறைக்காது. தூரத்தை மட்டும் சுருக்கும்.

ஆழம் என்பது இஷ்டப்படி வைக்கிற எண் இல்லை. ஹேமர் கம்பியிலிருந்து 46 மி.மீ. கீழே உட்கார்ந்திருக்கிறது, கம்பிக்கு 1.5 மி.மீ. இருக்கும்போது ஜாக் (ஹேமரைத் தள்ளி எழுப்பும் சிறு நெம்பு) அதை விட்டுவிடுகிறது என்றால், அதுவரை ஹேமர் ஏற வேண்டியது 44.5 மி.மீ. விகிதம் 5 என்றால் கட்டை 8.9 மி.மீ. இறங்க வேண்டும். அதற்குப் பிறகும் ஏறக்குறைய 1 மி.மீ. மிச்ச இறக்கம் வேண்டும். ஆஃப்டர்டச் என்பது அதுதான், ஜாக் முழுதாக விலகி வெளியேற உள்ள இடம். ஆக மொத்தம் 9.9. பெரும்பாலான தயாரிப்பாளர்கள் 10 மி.மீ. என்று சொல்வதன் காரணம் இந்தக் கூட்டல்தான். விகிதம் 5.5 என்றால் 8.1-லேயே ஹேமர் விடுபட்டுவிடும், 9.1 ஆழம் போதும். விகிதம் 4.6 என்றால் 9.7 வரை போக வேண்டும், 10 மி.மீ. ஆழத்தில் மிச்சம் 0.3-தான். அந்தப் பியானோவில் மெதுவாக அழுத்தினால் சத்தமே வராத கட்டைகள் இருக்கும்.

உங்களுடையது 5.5 பக்கம் வந்தால் வேலை விகிதத்தில்தான். மூன்று இடங்களில் கை வைக்கலாம்.

முதலாவது நக்கிள், அதாவது ஷாங்க்கின் அடியில் தோல் சுற்றிய உருளை. அது ஷாங்க் ஊசியிலிருந்து 16 மி.மீ. தள்ளி இருந்தால், 17 மி.மீ. உள்ள புது ஷாங்க்குகள் போடும்போது விகிதம் 5.5-லிருந்து ஏறக்குறைய 5.2-க்கு வரும். 18 போட்டால் 4.9. ஹேமர் எடை பத்துக் கிராம் பக்கம் என்றால் விரலில் முறையே 3, 6 கிராம் குறையும். புது ஹேமர் போடும் நாளிலேயே இதைப் பார்த்திருந்தால் ஷாங்க்கையும் சேர்த்து மாற்றியிருக்கலாம். பழைய ஷாங்க்கில் புது ஹேமரை ஒட்டிவிட்டுப் பிறகு இதைச் செய்வது இரட்டைச் செலவு.

இரண்டாவது கேப்ஸ்டன், கட்டையின் பின்பக்கம் இருந்து விப்பனை (ஜாக்கைச் சுமக்கும் நெம்பை) தூக்கும் பித்தளைத் திருகு. அதை வாசிப்பவர் பக்கமாகச் சில மில்லிமீட்டர் நகர்த்தினால் கட்டையின் பின்கை குறைகிறது, விப்பனில் அது தொடும் இடமும் விப்பனின் ஊசியிலிருந்து விலகுகிறது. இரண்டும் ஒரே திசையில் வேலை செய்வதால் கொஞ்சம் நகர்த்தினாலே பெரிய மாற்றம் தெரியும். 88 துளைகளை அடைத்துப் புதிதாகத் துளைக்க வேண்டும். நம் ஊர் ஆசாரிக்கு இது முடியாத வேலை இல்லை, ஆனால் துளை நேர்கோட்டில் வர ஜிக் (துளைக்கு வழிகாட்டும் சட்டம்) செய்தே ஆக வேண்டும். விப்பனின் அடித்துணி புது இடத்துக்கு எட்டுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, செலவில்லாத வழி. கட்டை ஆடும் நடுக்கம்பத்தில், வட்ட வாஷருக்குப் பதிலாக அரைவட்ட வாஷரை ஊசிக்குப் பின்பக்கம் வைப்பது. வெள்ளிக்கோலில் கயிற்றை ஒரு விரல் தள்ளினால் கணக்கே மாறுமே, அதே சூத்திரம். ஊசிக்கு முன்னால் 250, கேப்ஸ்டன் வரை பின்னால் 130 மி.மீ. உள்ள கட்டையில் ஆடுபுள்ளி 3 மி.மீ. பின்னால் போனால் 253-க்கு 127 ஆகும். கட்டையின் பங்கு 0.52-லிருந்து 0.50-க்கு வரும், மூன்றரை சதவீதம் குறைவு. பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம். அதனால் முதலில் இதை ஐந்தாறு கட்டைகளில் செய்து வாசித்துப் பாருங்கள். அரைவட்டம் கட்டையைக் கொஞ்சம் உயர்த்தும், கீழேயுள்ள காகித வாஷரை அந்த அளவுக்குக் குறைத்தாக வேண்டும்.

மூன்றில் எதைச் செய்தாலும் கட்டையின் அதே இறக்கத்துக்கு ஹேமர் ஏறும் தூரம் குறையும், ஆகவே ஆழம் கூட வேண்டும். 9.1 இருந்த இடத்தில் 10.1 ஆகலாம். இந்த ஒரு மில்லிமீட்டரை மறந்துவிட்டு விகிதத்தை மட்டும் குறைத்தால், கனம் போய் முட்டல் வந்துவிடும். அவ்வளவு ஆழம் பிடிக்கவில்லை என்றால் கேப்ஸ்டன்களை உயர்த்தி 46-ஐ 44 ஆக்கலாம். ஹேமர் தூரத்தில் குறைக்கும் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் கட்டையில் 0.2 மி.மீ. மிச்சமாகும். ரொம்பக் குறைத்தால் பலத்த சுரத்துக்கு ஓட்டம் போதாது.

ஹேமரின் பக்கவாட்டையும் வாலையும் சீவி அரை கிராம், முக்கால் கிராம் குறைப்பதும் நல்ல வழிதான். விகிதம் 5.2-க்குள் இருந்தால் அது மட்டுமே போதுமாக இருக்கும்.

அண்ணாச்சி, ஐப்பசி மழை ஆரம்பித்ததும் நடு ஆக்டேவ் கட்டைகள் மட்டும் உயர்ந்து, ஆழமாக அமுங்குகின்றன. ஓரக் கட்டைகள் பழைய மாதிரியே இருக்கின்றன. நானே காகிதம் வெட்டி வைத்துச் சரி பண்ணலாமா?
– வாசகர், நாசரேத்

வைக்கலாம், ஆனால் காகிதம் கடைசி வேலை. நடுவில் மட்டும் மாறியிருப்பதால் சந்தேகம் கட்டைகள் உட்கார்ந்திருக்கும் கட்டைச் சட்டத்தின் மேல்தான். சட்டத்தின் நடுக்கம்பத்தில் நாலு முதல் ஆறு வரை தாங்கு திருகுகள் உண்டு. அவற்றின் அடிமுனை பியானோவின் அடிப்பலகையில் நிற்கும். ஈரத்தில் மரம் உப்பினால் இந்தத் திருகுகள் நடுக்கம்பத்தைத் தூக்கிவிடும். கட்டையின் முன்கையும் பின்கையும் சேர்ந்து கணக்கிட்டால், கம்பம் அரை மி.மீ. உயர்ந்தால் முன்விளிம்பு 1 மி.மீ.-க்கு மேல் உயரும். ஆழம் கூடியது அப்படித்தான்.

ஆக்‌ஷன் உள்ளே இருக்கும்போது ஒவ்வொரு திருகுக்கும் பக்கத்தில் கம்பத்தை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். 'டொக்' என்று இரட்டைச் சத்தம் வந்தால் திருகு பலகையைத் தொடவில்லை. வராவிட்டால் தொடுகிறது, ஆனால் அளவுக்கு மேல் அழுத்துகிறதா என்பது தெரியாது. ஆகவே எல்லாத் திருகையும் மேலே சுழற்றி விடுவித்து, 'டொக்' கேட்க வைத்து, பிறகு ஒவ்வொன்றாக, சத்தம் நிற்கும் புள்ளி வரை மட்டும் இறக்குங்கள். அதற்கு மேல் கால் சுற்று போனாலும் பழைய கதைதான்.

ஐப்பசி, கார்த்திகையில் சரிசெய்தது மாசியில் தப்பாகும். சித்திரை வெயிலில் சரிசெய்தது அடுத்த மழையில் தப்பாகும். முழு ரெகுலேஷனை (எல்லா அளவுகளையும் சரிசெய்யும் வேலையை) தை, மாசியில் வைத்துக்கொள்ளுங்கள். மழையில் அவசரத்துக்குச் செய்தது எதுவானாலும், எந்தத் திருகு எவ்வளவு என்று எழுதிவைத்து, மழை விட்டதும் திரும்பப் பாருங்கள். பியானோவுக்குள் பல்பு எரியவிடும் பழக்கம் இருந்தால், அது ஒரு மூலையை மட்டும் காய வைத்து மற்றதை ஈரமாகவே விடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இதற்குப் பிறகும் ஏற்ற இறக்கம் இருந்தால் காகிதம். 500 தாள் கொண்ட ஏ4 கட்டின் உயரம் 5 செ.மீ. பக்கம், எனவே ஒரு தாள் ஏறக்குறைய 0.1 மி.மீ. தோல் வேலைக்கான பஞ்ச் வைத்து வட்டம் வெட்டி நடுவில் ஊசி நுழையத் துளை போடுங்கள். கட்டை மட்டத்தை நடுக்கம்பத்து ஊசியிலும், ஆழத்தைக் கட்டையின் முன்விளிம்புக்குக் கீழுள்ள முன்கம்பத்து ஊசியிலும் சரிசெய்ய வேண்டும். மட்டம் முதலில், ஆழம் பிறகு. காகிதம் எப்போதும் ஃபெல்ட் (அமுக்கிய கம்பளி) வாஷருக்குக் கீழேதான். மேலே வைத்தால் கட்டை இறங்கும்போது சத்தம் வரும். இரண்டு ஓரக் கட்டைகளைச் சரிசெய்து நடுவே நேர்ச்சட்டம் வைத்துப் பார்ப்பவர்கள் நடுப்பகுதியை அரை மி.மீ. உயரமாக விடுவதுண்டு, வாசிக்க வாசிக்க அங்கேதான் ஃபெல்ட் முதலில் அமுங்கும் என்பதால்.

ஆழத்தை அளக்கும்போது ஒவ்வொரு கட்டையையும் ஒரே அழுத்தத்தில் அழுத்துங்கள். பலமாக அழுத்தினால் ஃபெல்ட் நசுங்கி கால் மி.மீ. கூடுதலாகக் காட்டும்.

கறுப்புக் கட்டைகளின் ஆழமும் 10 மி.மீ. தானா?
– வாசகர், மெஞ்ஞானபுரம்

எண்ணைப் பார்த்து வைக்காதீர்கள், மிச்ச இறக்கத்தைப் பார்த்து வையுங்கள். பக்கத்து வெள்ளைக் கட்டைகளில் எவ்வளவு ஆஃப்டர்டச் இருக்கிறதோ அதே அளவு கறுப்பிலும் விரலுக்குத் தெரிய வேண்டும். கூடவே முழுதாக அமுக்கிய கறுப்பு, வெள்ளைக் கட்டையின் மேல் 2 மி.மீ. அளவு நிமிர்ந்திருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் வாசிக்கும் விரல் இரண்டு பக்க வெள்ளைகளிலும் இடிக்கும்.

கட்டை இறுகினால் தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு விடுவது சரியா? பழைய ஆர்மோனியத்தில் அப்படித்தான் செய்வோம்.
– வாசகர், அம்பாசமுத்திரம்

வேண்டவே வேண்டாம். சமையல் எண்ணெயோ துருவெடுக்கும் ஸ்பிரேயோ ஃபெல்ட்டிலும் ஊசித் துணியிலும் ஊறிப் போய், நாலு மாதத்தில் பசையாகி, தூசியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். அதன் பிறகு அந்த ஃபெல்ட்டைப் பிடுங்கிப் புதிது போடுவதைத் தவிர வழியில்லை. மழையில் கட்டை இறுகுவது இரண்டு இடத்தில்: முன் ஊசியைச் சுற்றிய துணி, நடு ஊசித் துளை. கட்டையைத் தூக்கி, ஊசியின் பக்கங்களைப் பளபளப்பாகத் துடைத்துவிட்டு, துணி ஒட்டிய மரச்சுவரை இடுக்கியால் மெல்ல அமுக்கினால் போதும். இந்த இடுக்கியின் இரண்டு வாயும் தட்டையாகவும் ஒன்றுக்கொன்று நேராகவும் இருக்க வேண்டும். கரகரப்பான வாய் துணியைக் கிழிக்கும். கட்டையை இடவலமாக ஆட்டிப் பார்த்தால் மிக லேசான அசைவு தெரிய வேண்டும். 'கடகட' என்று ஆடினால் அதிகமாகத் தளர்த்திவிட்டீர்கள்.

கட்டைகள் ஒன்றோடொன்று உரசுகின்றன. கழற்றிப் பார்த்தால் பக்கவாட்டில் ஈய வில்லைகளின் மேல் வெள்ளைத் தூள். கடற்காற்றா?
– வாசகி, தூத்துக்குடி

ஈரம் பாதி, மரம் விடும் அமில ஆவி பாதி. ஈயம் அரித்து வெள்ளைப் பொடியாகும்போது பருத்து, கட்டையின் பக்கவாட்டை விட்டு வெளியே தள்ளும். மோசமானால் கட்டையையே பிளக்கும். தூளை ஊதாதீர்கள், உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். ஈயத் தூள் நஞ்சு. முகமூடியும் கையுறையும் போட்டு, ஈரத் துணியால் துடைத்து, துணியைக் கட்டி எறியுங்கள். லேசாகப் புடைத்தவற்றை நனைத்தபடியே அரத்தால் மட்டம் பார்க்கலாம். பருத்தவற்றை வெளியே தள்ளிப் புது வில்லை வைக்க வேண்டும். எடை குறைந்த வில்லைகள் இருக்கும் நிலையில் முதல் பதிலில் சொன்ன இறங்கு எடையை அளப்பது வீண் வேலை. ஈயத்தைச் சரிசெய்த பிறகு அளந்து பாருங்கள்.

ஆழம், மட்டம் எல்லாம் சரிசெய்தாயிற்று. ஆனாலும் ஒரே சுரத்தை வேகமாகத் திரும்பத் திரும்பத் தட்டினால் மூன்றாவது, நாலாவது தட்டு விழுங்கப்படுகிறது.
– வாசகர், தென்காசி

கட்டை முழுதாக மேலே வராமலே மறுபடி அடிக்கக்கூடிய இரட்டை விடுவிப்பு முறைக்கு எரார் நிறுவனம் 1821-ல் காப்புரிமை வாங்கியது. கிராண்ட் பியானோவின் வேகம் அந்த அமைப்பில்தான் இருக்கிறது. நீங்கள் சொல்லும் கோளாறு பெரும்பாலும் அது பாதியில் நிற்பதால் வருவது. பார்க்க வேண்டிய வரிசை இது.

முதலில் மிச்ச இறக்கம். விரலால் மிக மெதுவாக அழுத்துங்கள். ஜாக் விடுபடும் சின்ன இடறலுக்குப் பிறகு கட்டை இன்னும் ஒரு மி.மீ. அளவு போகிறதா? போகவில்லை என்றால் ஜாக் முழுதாக விலகவில்லை, ஹேமரும் கேட்சரில் (திரும்பி விழும் ஹேமரைப் பிடிக்கும் தடுப்பில்) ஒழுங்காகப் பிடிபடாது. முன்கம்பத்திலிருந்து 0.2 அல்லது 0.3 மி.மீ. காகிதத்தை எடுத்துப் பாருங்கள். பல நேரம் இதோடு தீர்ந்துவிடும்.

அடுத்தது ரிபிடீஷன் ஸ்பிரிங், அதாவது அடித்த ஹேமரைத் திரும்ப எழுப்பும் ஸ்பிரிங். பலமாக அடித்து ஹேமரைக் கேட்சரில் பிடிக்க வைத்து, கட்டையைக் கொஞ்சமாக விடுங்கள். ஹேமர் நிதானமாக மேலே எழும்ப வேண்டும். அசையாமல் கிடந்தால் ஸ்பிரிங் பலம் போதாது. குதித்தால் அதிகம், விரலில் 'சுளீர்' என்று தெரியும். பிடிபடும்போது ஹேமர் கம்பியிலிருந்து 15 மி.மீ. அளவில் நிற்க வேண்டும். 25, 30-ல் நின்றால் திரும்ப எழும்ப நேரமாகும்.

ஜாக்கின் தலை, அந்த ஸ்பிரிங் தள்ளும் நெம்பான ரிபிடீஷன் லீவரின் மேல்முகத்தைவிட ஒரு தாள் கனம் கீழே இருக்கிறதா, அதன் பின்விளிம்பு நக்கிளின் மரத்துண்டின் பின்விளிம்போடு ஒரே கோட்டில் இருக்கிறதா என்பதும் பார்க்க வேண்டியது. ஜாக் மேலே துருத்திக்கொண்டிருந்தால் திரும்பி வரும்போது நக்கிளின் பக்கத்தில் முட்டி உள்ளே நுழையாது. அதன் பிறகு ஸ்பிரிங்கை எவ்வளவு முறுக்கினாலும் பயனில்லை.

இத்தனையும் சரியாக இருந்தும் சாரல் காலத்தில் மட்டும் இந்தக் கோளாறு வருகிறது என்றால் ஹேமர் ஊசிகளைப் பாருங்கள். ஆக்‌ஷனை வெளியே எடுத்து, ஷாங்க்கைத் திருகிலிருந்து கழற்றி, கையில் பிடித்து ஊசலாட விடுங்கள். நாலைந்து முறை ஆடி நிற்க வேண்டும். ஒரு முறையோடு நின்றால் ஊசித் துணி ஈரத்தில் இறுகியிருக்கிறது, ஊசியை எடுத்துத் துணியைச் சீவித் தளர்த்தி அளவான ஊசி போட வேண்டும். எடுத்த ஊசியில் பச்சைக் களிம்பு ஒட்டியிருந்தால் அந்த ஒன்றோடு நிற்காது, பக்கத்து ஷாங்க்குகளையும் கழற்றிப் பாருங்கள்.